ஆளறிந்து கொடுப்போம்

கம்மாபுரம் வட்டாரத்து மகளிர் குழுக்களில் நாவல் படித்துக் கைமாற்றும் அக்கா தங்கச்சிகள் எல்லோருக்கும்,

குழுக் கூட்டத்துக்கு வரும்போது தீர்மான நோட்டுக்கும் பாஸ்புத்தகத்துக்கும் நடுவே ஒரு நாவலும் பையில் ஏறி வருகிறது. சந்தா கட்டி முடிந்ததும் அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது. நடுவில் பின் அடித்த சாணித்தாள் புத்தகம். அட்டை கழன்று, ஓரம் சுருண்டு, சில சமயம் கடைசித் தாளே இல்லாமல் இருக்கும். கொலையாளி யார் என்பதைக் கொடுத்தவள் வாயால்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "நல்லா இருக்கும், படி" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த "நல்லா இருக்கும்" என்ற வார்த்தையோடு இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. காதலும் மர்மமும் கலந்த நாவல் படிப்பதற்கு நீங்கள் யாரும் கூச்சப்பட வேண்டாம். "இமையம் விருத்தாசலத்தில் இருந்து எழுதுகிறார், கண்மணி குணசேகரன் மணக்கொல்லையில் இருந்து எழுதுகிறார், அதை விட்டுவிட்டு இதையா படிப்பது?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களையும் அவசியம் படியுங்கள். 'கோவேறு கழுதைகள்', 'அஞ்சலை' இரண்டையும் படித்து முடித்தவளுக்குத் தன் தெருவே புதிதாகத் தெரியும். ஆனால் நாளெல்லாம் முந்திரிக்கொட்டை உடைத்து, அந்த எண்ணெய் பட்டுத் தோல் உரிந்த கையோடு வந்து படுக்கிறவளுக்குச் சில இரவுகளில் வேறொன்று தேவைப்படுகிறது. தப்பு செய்தவன் பிடிபடுவான், அன்பு வைத்தவள் தோற்க மாட்டாள் என்று ஒரு கதை அவளுக்கு வாக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வாக்கை நம்பி இருநூறு பக்கம் படிப்பவளை யாரும் கேவலமாகப் பேசக் கூடாது.

இந்த வகைக் கதை நமக்கு நேற்று வந்ததும் அல்ல. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் அச்சேறியது. எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயவரத்தில் மாவட்ட முன்சீபாக இருந்தவர். கதை சொல்லிக்கொண்டே நீதியும் சொல்ல வேண்டும் என்பது அவர் நோக்கம். அடுத்த தலைமுறையில் வடுவூர் துரைசாமி ஐயங்கார் வந்தார். மர்மத்தை அவிழ்க்க அவர் படைத்த ஆளைப் பாருங்கள், ஒரு சாமியார்! திகம்பர சாமியார் என்ற அந்தப் பாத்திரம் 1950-ல் சினிமாவாகவும் வந்து, எம்.என். நம்பியார் பல வேடங்களில் நடித்துப் பேர் வாங்கினார். பக்தியும் துப்பறிதலும் ஒரே ஆளுக்குள் இருப்பது நம் வாசகர்களுக்கு அப்போதே பழகிப்போனது.

எனக்கு எல்லோரையும் விடப் பெரியவராகத் தெரிகிறவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். 1901-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே கல்யாணம், பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். 1925-ல் 'ஜகன்மோகினி' இதழைக் கையில் எடுத்தார். 'வைதேகி' நாவல் அதில்தான் தொடராக வந்தது. அதன்பின் குடும்பக் கதை, காதல் கதை, துப்பறியும் கதை என்று நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள். நடுவில் 1932-ல் மறியல் செய்து சிறைக்கும் போனார். ஒரு பெண், பெண்கள் படிப்பதற்காகக் காதலையும் மர்மத்தையும் நல்லது கெட்டதையும் ஒரே கதையில் பின்னிக் கொடுத்து நூறு வருஷம் ஆகிறது. உங்கள் பைக்குள் இருக்கும் நாவல் அந்த வழியில் வந்ததுதான்.

அதன்பின் 1969-ல் 'ராணிமுத்து' மாதம் ஒரு நாவல் என்று தொடங்கியது. பிறகு 'மாலைமதி', ஜி. அசோகனின் 'பாக்கெட் நாவல்', 'க்ரைம் நாவல்' எல்லாம் பெட்டிக்கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கின. அந்தக் காலத்துத் துப்பறிவாளர்களை நினைத்துப் பாருங்கள். ராஜேஷ்குமாருக்கு விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகருக்குப் பரத்–சுசீலா, சுபாவுக்கு நரேந்திரன்–வைஜயந்தி. எல்லாமே ஜோடிகள். குற்றத்தைத் துரத்தும்போதே இருவருக்குள் ஒரு நேசமும் கூடவே ஓடும். காதலும் ஆபத்தும் கடவுள் நம்பிக்கையும் சேர்ந்த நாவல்களை அமெரிக்காவில் சில பதிப்பகங்கள் தனி வரிசையாகவே போடுகின்றன. நம் ஊரில் அதற்குத் தனிப் பெயர் கிடையாது, ஆனால் வாசகிகள் எப்போதும் இருந்திருக்கிறார்கள்.

நமக்கு இந்தக் கதைகள் ஏன் இவ்வளவு பிடிக்கின்றன? எனக்குத் தெரிந்த பதில் மணவாளநல்லூரில் இருக்கிறது. கொளஞ்சியப்பர் கோவிலில் பிராது கட்டுவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், உங்களில் சிலர் கட்டியும் இருப்பீர்கள். நகை காணாமல் போனது, கொடுத்த கடன் திரும்பவில்லை, கட்டியவன் ஏமாற்றிவிட்டுப் போய்விட்டான் என்று நடந்ததை நடந்தபடி தாளில் எழுதி முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருகிறோம். உண்மை என்றைக்காவது வெளியே வந்தே தீரும் என்ற நம்பிக்கைதான் அந்தத் தாளைக் கட்டவைக்கிறது. நல்ல மர்ம நாவலும் அதே நம்பிக்கையில்தான் எழுதப்படுகிறது. குற்றத்தையும் பக்தியையும் வேறு வேறாகப் பார்க்கும் பழக்கம் இந்த மண்ணில் இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். பிராது எழுதுகிறவள் வார்த்தை தவறாமல் எழுதுகிறாள். புத்தகம் கொடுக்கிறவளும் அந்த அளவுக்கு யோசித்துக் கொடுக்க வேண்டாமா?

சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனைச் சிதம்பரத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர் என்றே சொல்லலாம். நூலகத்துக்கு ஐந்து விதிகளை 1931-ல் எழுதினார். அவற்றில் இரண்டு நமக்கு வேண்டியவை: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு. உலகம் முழுக்க நூலகர்கள் படிக்கும் இந்த விதிகள் குழுக் கூட்டத்தில் நாவல் கைமாற்றும் நமக்கும் பொருந்தும். எனக்குப் பிடித்தது என்பதற்காக ஒரு புத்தகத்தை இன்னொருத்தி கையில் திணிக்கக் கூடாது. வாங்கிப் படிக்கப்போகிறவள் யார், இப்போது என்ன நிலையில் இருக்கிறாள் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்காரர் இறந்து காரியம் முடிந்த கையோடு கூட்டத்துக்கு வருகிறவள், "மனசு ஒரு நிலையில இல்லக்கா, ஏதாச்சும் படிக்கக் குடு" என்று கேட்கிறாள் என்று வையுங்கள். முதல் அத்தியாயத்திலேயே கணவனின் பிணம் விழும் நாவலை அவளிடம் நீட்டலாமா? அதை எழுதியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி, அது அவளுக்கான புத்தகம் அல்ல. இன்னும் நாலு மாதம் கழித்து அவளே கேட்கலாம், அப்போது கொடுக்கலாம். காதலித்தவன் கைவிட்ட பெண்ணுக்கும், தேர்வில் தோற்று வீட்டில் முடங்கிக் கிடக்கிறவளுக்கும், வெளிநாட்டுக்குப் போன மகன் பேசாமல் இருக்கும் தாய்க்கும் இதே மாதிரிதான். ஆளுக்கு ஆள் புத்தகம் வேறு.

புத்தகம் கொடுக்கும்போது சொல்ல வேண்டியவை எனக்குத் தெரிந்து நான்கு. கதை எங்கே நடக்கிறது, யாரைப் பற்றியது என்று இரண்டு வரி. மனதைக் கலக்கும் காட்சி இருக்கிறதா, எந்த மாதிரி. முடிவு ஆறுதல் தருமா, கனமாக நிற்குமா. கடைசியாக, யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது.

இந்த நான்கில் முடிவு என்ன என்பது கிடையாது, கவனியுங்கள். ஆறுதல் தரும் முடிவா என்று சொல்வது வேறு, கொலை செய்தது யார் என்று சொல்வது வேறு. வடலூர் தைப்பூசத்தில் ஏழு திரையும் ஒன்றன்பின் ஒன்றாக விலகும் வரை கூட்டம் காத்து நின்றுதான் ஜோதியைப் பார்க்கிறது. மர்ம நாவலின் திரைகளும் படிக்கிறவளுக்காக அந்த வரிசையில்தான் விலக வேண்டும். கடைசித் தாள் கிழிந்த புத்தகமாக இருந்தால் முடிவை ஒரு சீட்டில் எழுதி, மடித்து, பின்னட்டையில் ஒட்டிவிடுங்கள். படித்து முடித்தவள் பிரித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த நான்கில் இரண்டாவதாகச் சொன்ன, மனதைக் கலக்கும் காட்சியில்தான் எனக்குக் கவலை அதிகம். இப்போது நம் வீட்டுப் பெண்கள் பாதி நாவல்களைப் போனில்தான் படிக்கிறார்கள். வேலை செய்துகொண்டே காதில் மாட்டிக் கேட்கிறவர்களும் நிறைய. அவற்றில் நல்ல எழுத்து இருக்கிறது. வெளியுலகம் அறியாத எத்தனையோ பெண்கள் அங்கே எழுதத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் ஒரு வகைக் கதை மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. அவன் அவளைக் கடத்துவான், பழிவாங்குவதற்காகக் கட்டாயத் தாலி கட்டுவான், அறைவான், அறைக்குள் பூட்டி வைப்பான். இருபது அத்தியாயம் கழித்து அவனுக்கு ஒரு சோகக் கதை சொல்லப்படும், அவளும் கரைந்துபோவாள். 'ஆன்டி ஹீரோ' என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

தங்கச்சிகளே, மர்மக் கதையில் கொடுமை வருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கொடுமை இல்லாமல் குற்றம் ஏது? அந்தக் கொடுமையைக் கதை எந்தப் பக்கம் நின்று சொல்கிறது என்பதுதான் கேள்வி. ராஜேஷ்குமார் கதையில் பெண்ணை வதைக்கிறவன் குற்றவாளி, விவேக் அவனைத் தேடிப் போவார். இந்தக் கதைகளிலோ வதைக்கிறவனே நாயகன். தாலி கட்டிவிட்டால் அடிக்கலாம், அடித்தால் அது அன்பு என்று பதினாறு வயதுப் பெண் படித்துப் பழகினால், நாளை உண்மையிலேயே ஒருவன் கை ஓங்கும்போது அவளுக்கு அது ஆபத்தாகத் தெரியாது. 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, 181 என்ற உதவி எண் இருக்கிறது. அந்த எண்ணை அழைக்கும் துணிச்சல் அவளுக்கு எங்கிருந்தோ வர வேண்டும் அல்லவா? கதையில் இருந்தும் வரலாம். எதையும் படிக்காதே என்று நான் சொல்லவில்லை. கொடுக்கும்போது, "இதுல அவன் பண்றது தப்பு, கதை அதைத் தப்புன்னு சொல்லல, நீ தெரிஞ்சிக்கிட்டுப் படி" என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் செஸ்டர்டன் என்பவர் 1911-ல் முதல் தொகுதியாக வெளியிட்ட ஃபாதர் பிரவுன் கதைகளை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். துப்பறிகிறவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். ஃபிளாம்போ என்ற பெரிய திருடன் அவரிடம் மாட்டி, மனம் திருந்தி, பிறகு அவருக்கே நண்பனாகிறான். திருந்துவது என்றால் அப்படி. செய்ததைத் தப்பு என்று ஒப்புக்கொண்டு, அந்த வாழ்க்கையை விட்டு வெளியே வர வேண்டும். நாயகன் திருந்துகிற கதை எதையும் இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

இனி என் பங்குக்குச் சில பரிந்துரைகள், ஆள் பார்த்து.

அலுத்துக் களைத்து, மனதுக்கு இதமாக ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு ரமணிசந்திரன். சந்தேகமும் பிணக்கும் வரும், கடைசியில் வீடு வந்து சேர்ந்த நிம்மதியும் வரும். நாயகனின் அதட்டல் சில கதைகளில் அதிகம். அதைச் சொல்லியே கொடுங்கள்.

குலசாமி, கருப்பு, முனி என்று வளர்ந்து, அதே சமயம் ஏன் எதற்கு என்று கேட்கிற மனமும் உள்ளவர்களுக்கு இந்திரா சௌந்தர்ராஜன். 2024 நவம்பரில் மறைந்தார். 'விட்டுவிடு கருப்பா' நாவல்தான் தொண்ணூறுகளின் கடைசியில் 'மர்மதேசம்' டிவி தொடரின் 'விடாது கருப்பு' ஆனது. தொடரைப் பார்த்தவர்களுக்கு முடிவு தெரியும், பார்க்காதவர்களிடம் மூச்சு விட வேண்டாம். பயம் அதிகம் என்பதால் தனியாகப் படுக்கிறவர்கள் பகலில் படிப்பது நல்லது.

நாட்டுப்புறப் பாட்டும் தெம்மாங்கும் பிடித்தவர்களுக்கு சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ'. அதற்கு நான் எழுதி வைத்திருக்கும் சீட்டு இது: "கிராமத்துப் பாட்டுகளைச் சேகரிக்கப் பட்டணத்துப் பையன் ஒருவன் வந்து பழைய ஜமீன் மாளிகையில் தங்குகிறான். ராத்திரியில் சத்தம், பழைய ரகசியம், மனசுக்குள் ஒரு ஆசை, ஒரு கொலை. கிராமத்துப் பெண் வெள்ளி மனசில் நிற்பாள். முழுக்க இனிப்பான முடிவை எதிர்பார்க்கிறவருக்கு வேண்டாம்."

கோர்ட்டுக்கும் வக்கீல் வீட்டுக்கும் நடக்கிறவர்களுக்கு தேவனின் 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்'. ஜூரிகள் இருந்த காலத்துக் கொலை வழக்கு. சாட்சி, குறுக்கு விசாரணை என்று நிதானமாக நகரும். அவசரக்காரர்களுக்குப் பொருந்தாது.

ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டால் தமிழ்வாணனின் சங்கர்லால். அம்மா கவலை இல்லாமல் கொடுக்கலாம்.

விவேக்–ரூபலா, பரத்–சுசீலா கதைகளைப் பஸ்ஸில் விருத்தாசலத்துக்கும் நெய்வேலிக்கும் தினம் போய்வருகிறவர்களுக்கு ஒதுக்கி வைப்பேன். அத்தியாயம் சின்னது, நிறுத்தம் வந்ததும் மூடலாம். கொலை விவரணை கடுமையாக இருக்கும் இடங்களைப் படித்தவர்கள் குறித்துவையுங்கள்.

புத்தகம் கிடைக்கும் வழிக்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில் முழு நாவலின் பிடிஎஃப் வருகிறது, நாமும் தட்டிவிடுகிறோம். எழுதியவர் உயிரோடு இருந்தாலும், இறந்து 60 ஆண்டு ஆகாமல் இருந்தாலும் அந்த நாவலின் விலை அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ சேர வேண்டிய கூலி. கூலி கிடைக்காத வலி நமக்குத் தெரியாததா? வடுவூராரும் தேவனும் கோதைநாயகி அம்மாளும் அந்தக் காலக்கெடுவைத் தாண்டிவிட்டார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாக இருக்கின்றன. அங்கே தேடிப் பாருங்கள்.

நூலகமும் நம்முடையதுதான். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி, நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். ஆகவே உறுப்பினராகச் சேருங்கள். வேண்டிய நாவல் இல்லை என்றால் எழுத்தாளர் பெயரோடு எழுதிக் கேளுங்கள். உங்கள் ஊராட்சி நூலகம் பூட்டிக் கிடந்தால் கிராம சபையில் அதைத் தீர்மானமாக வையுங்கள். நெய்வேலியில் என்.எல்.சி. நடத்தும் புத்தகக் கண்காட்சிக்குக் குழுவாகப் போய், ஆளுக்கொன்றாக வாங்கிச் சுற்றில் விடுங்கள்.

ஒரு ஆசையையும் சொல்லிவிடுகிறேன். முந்திரிக்காடும் நிலக்கரிச் சுரங்கமும் மணிமுத்தாறும் உள்ள நம் பக்கத்தில் நடக்கும் மர்ம நாவலை நம் பெண் ஒருத்தி எழுதி நான் படிக்க வேண்டும். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு இடம் பெயர்ந்த குடும்பங்கள், பத்திரங்கள், பங்காளிச் சண்டைகள், பாதியில் நின்றுபோன காதல்கள். இத்தனையும் இங்கே கிடக்கின்றன. அகதா கிறிஸ்டி படைத்த மிஸ் மார்ப்பிள் என்ற பெண் 1930 முதல் நாவல் நாவலாகக் குற்றங்களைக் கண்டுபிடித்தது, ஒரு கிராமத்தில் உட்கார்ந்து மனிதர்களைக் கவனித்தே. அந்தக் கவனம் உங்களிடம் நிறையவே இருக்கிறது. எழுத வரவில்லை என்றால் கோதைநாயகி அம்மாளைப் போல நீங்கள் சொல்லுங்கள், தோழி எழுதட்டும்.

அது நடக்கும்போது நடக்கட்டும். இப்போதைக்கு நான் கேட்பது சின்ன வேலை. ஒவ்வொரு குழுவும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி 'நாவல் நோட்டு' என்று எழுதிவையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, நீங்கள் கடைசியாகப் படித்த நாவலுக்கு நான்கு வரி எழுதிக்கொண்டு வாருங்கள். யாருக்குப் பொருந்தும் என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்களோடு படிக்கும் ஒருத்தி,
கம்மாபுரம்